பாங்கு நேரத்துக் கொட்டு

கட்டாரிலிருந்து வந்த கார்கோ பெட்டியை என் கணவர் கூடத்தின் நடுவில் வைத்துப் பிரித்தபோது உம்மா எதிர்பார்த்தது கம்பளிப் போர்வை. நான் எதிர்பார்த்தது பால்மா. மகள் சொக்லட். மூன்றும் இருந்தன, ஆனால் அடியில். எல்லாவற்றுக்கும் மேலே, அவர் இடுப்பில் உடுத்தும் சாரத்தால் பத்திரமாகச் சுற்றப்பட்டு, ஒரு பிளாஸ்டிக் கொட்டு இருந்தது.

சோற்றுப் பானை மூடியைவிடக் கொஞ்சம் பெரிது. இரண்டு கோல், ஒரு வயர், டீவியில் பொருத்துவதற்கு ஒரு கறுப்புப் பெட்டி. அவரோடு ஒரே அறையில் இருந்த பிலிப்பைன்ஸ்காரர் வேலை முடிந்து ஊருக்குப் போகும்போது விட்டுப்போன சாமானாம். இவ்வளவு தூரம் சுமந்து வர வேறொன்றும் கிடைக்கவில்லையா என்று கேட்டேன். சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பல வருஷமாகத் தொலைபேசியில்தான் பார்த்திருந்தேன், அதனால் மேற்கொண்டு ஏசவில்லை.

விளையாட்டு இதுதான். பாட்டு தொடங்கியதும் திரையில் வட்டங்கள் வரிசையாக ஓடி வரும். சிவப்பு வந்தால் கொட்டின் நடுவில் அடிக்க வேண்டும். நீலம் வந்தால் விளிம்பில். பெரிய வட்டம் என்றால் இரண்டு கோலாலும். சரியாக அடித்தால் கீழே நிற்கும் நாயும் பூனையும் ஆடும், பிழைத்தால் முகத்தைத் தொங்கப்போடும். எழுத்தெல்லாம் யப்பான் மொழி. எங்கள் வீட்டில் யாருக்கும் ஒரு எழுத்துத் தெரியாது, ஆனால் நாய் ஆடுவதைப் புரிந்துகொள்ள மொழி எதற்கு? மகள் காதால் கேட்டு அடிப்பாள். அவர் கண்ணை எடுக்காமல் பார்த்து அடிப்பார். ஆளுக்கு ஒரு விதம் என்று விட்டுவிட்டேன்.

உம்மாவுக்கு அந்தச் சாமான் முதல் நாளே பிடிக்கவில்லை. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான், மாப்பிள்ளை வந்து சேருவார். இது வாப்பா எனக்குக் கட்டித் தந்த வீடு. வாப்பா மவுத்தான பிறகு உம்மா பின்பக்க அறையில் இருக்கிறார். கல்யாணமான நாளிலிருந்து உம்மா மருமகனோடு நேருக்கு நேர் ஒரு வார்த்தை கதைத்ததில்லை. கோபமில்லை, அது மரியாதை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, கதவு நிலையைப் பார்த்து, எனக்குச் சொல்வதுபோல் சொல்வார். அவர் அதை என்னிடமிருந்து கேட்டுக்கொள்வார். இரண்டு பேரும் ஒரே கூடத்தில் இருப்பார்கள், நான் நடுவில் தபால்காரி.

"ஊட்டுக்குள்ள கொட்டடிக்கிறது நல்லமில்ல எண்டு உன்ட மனிசனுக்குச் செல்லு" என்று தபால் வந்தது.

பள்ளிவாசல் கொடியேற்றத்துக்குப் பக்கீர் பாவாமார் றபான் அடிப்பதைத் தவிர வேறு கொட்டுச் சத்தம் உம்மா அறிந்ததில்லை. பாட்டும் கூத்தும் வீட்டுக்கு அல்லாஹ் தந்த பறக்கத்தைக் கொண்டுபோய்விடும் என்று நம்புகிறவர். கடைசியில் நான்தான் ஒரு உடன்பாடு செய்து வைத்தேன். சத்தம் குறைவாக இருக்க வேண்டும். பொழுதுபட்டு மஃரிபுக்குப் பிறகு தொடக்கூடாது. பாங்கு சொன்னால் அந்த நொடியே டீவியின் சத்தத்தை அடைத்துவிட வேண்டும். ரிமோட் என்னிடம் இருக்கும்.

பாங்கு நேரத்தில் சத்தத்தை அடைப்பது எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான். எங்கள் வளவுக்கு மட்டும் நாலு பக்கத்திலிருந்தும் பாங்கு கேட்கும். ஒரு பள்ளி முடிக்கும்போது மற்றது தொடங்கும். நான் ரிமோட்டை அமத்துவேன், திரையின் மூலையில் குறுக்குக் கோடு போட்ட ஒலிபெருக்கிப் படம் வரும், இவர் உடனே கோல்களை வைத்துவிட்டுத் தலையைக் குனிந்து பாங்குக்குப் பதில் சொல்வார். முஅத்தின் சொல்வதை வசனம் வசனமாக மெல்லத் திருப்பிச் சொல்வார். தொழுகைக்கு அழைக்கும் வசனம் வந்தால் மட்டும் அதைத் திருப்பாமல் "லா ஹவ்ல வலா குவ்வத்த இல்லா பில்லாஹ்" என்பார். அல்லாஹ்வைக் கொண்டே தவிர ஒரு சக்தியும் இல்லை என்று அதற்குப் பொருள், எல்லாரும் சொல்வதுதான். இவர் ஒரு நாளும் விடமாட்டார். உம்மாவுக்கும் இதில் மனம் கொஞ்சம் இளகியது.

அவர் ஒப்பந்தம் முடிந்து வந்திருந்தார். வேறொரு கொம்பனியில் விசா வரும் என்று காத்திருந்தார். கட்டாரில் ஜெனரேட்டர் அறையில் வேலை. அதைத் தவிர அந்த வேலையைப் பற்றி எனக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. அந்த நாட்களில் வீட்டில் எல்லாமே நன்றாக இருப்பதாகத்தான் எனக்குப் பட்டது. என்னை எரிச்சல்படுத்திய ஒரே விஷயம் மகளின் வாய். வாப்பாவோடு கதைக்கும்போது மட்டும் வாயை அகலத் திறந்து, உதட்டை நீட்டி, ஒவ்வொரு எழுத்தையும் கடித்துக் கடித்துப் பேசுவாள். டீவியில் எதையோ பார்த்துப் பழகிவிட்டாள் என்று நினைத்தேன். பள்ளிக்கூடத்தில் நான் கணக்குப் படிப்பிக்கிறவள் என்றாலும் வீட்டில் எல்லாப் பாடத்துக்கும் நான்தான் ரீச்சர். குரங்குச் சேட்டை விடாமல் ஒழுங்காகக் கதை என்று எத்தனையோ தடவை அதட்டியிருக்கிறேன். என்னோடு ஒழுங்காகத்தான் கதைப்பாள். அவரிடம் போனதும் மறுபடியும் வாய் அகலும்.

ஒரு சனிக்கிழமை காலை. அவர் தனியாக விளையாடிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூட அதிபரிடமிருந்து எனக்கு ஒரு போன் வந்தது, பரீட்சை நேரசூசி பற்றி. சத்தத்தில் ஒன்றும் விளங்காது என்று ரிமோட்டை அமத்திவிட்டு ஓம் ஓம் என்று கதைத்துக்கொண்டே திரும்பிப் பார்த்தேன்.

அவர் கோல்களை வைத்துவிட்டார். தலை குனிந்திருந்தது. உதடு அசைந்தது.

ஏதோ திக்ர் ஓதுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு அந்த இடைவெளிகளைக் கவனித்தேன். ஒரு வசனம் சொல்வார், நிறுத்துவார், முஅத்தினுக்கு இடம் விடுவார், மறுபடி சொல்வார். உதடு "லா ஹவ்ல"வுக்கு வந்தது. மறுமுனையில் அதிபர் எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஊரில் எந்தப் பள்ளியிலும் பாங்கு சொல்லவில்லை. மத்தியான லுஹருக்கு இன்னும் எவ்வளவோ நேரம் இருந்தது. வெளியே மீன்காரரின் சைக்கிள் ஹோர்ன் மட்டும் கேட்டது.

முடித்துவிட்டு துஆ ஓதி முகத்தைத் தடவிக்கொண்டார். "இண்டைக்கு வேளைக்கே செல்லிட்டாங்க" என்றபடி சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். அதைப் பார்த்த முகத்தை நான் மறக்க மாட்டேன். பிறகு என் கையில் இருந்த போனைப் பார்த்தார். கோல்களை எடுத்து, சத்தமில்லாத டீவிக்கு முன்னால் விட்ட இடத்திலிருந்து அடிக்கத் தொடங்கினார்.

அன்று பின்னேரம் நான் ஒரு வேலை செய்தேன். டீவிக்குப் பின்னால் அவர் தனியாகப் பூட்டியிருந்த சவுண்ட் பொக்ஸின் பிளக்கை, தூசி தட்டுவதுபோல் குனிந்து கழற்றிவிட்டேன். பாட்டு நின்றது. மூலையில் படம் ஒன்றும் வரவில்லை. அவர் அடித்துக்கொண்டே இருந்தார். ஒரு வட்டம் தவறவில்லை. நாயும் பூனையும் ஆடின. பிளாஸ்டிக்கில் கோல் படும் டக் டக் சத்தம் மட்டும் கூடமெல்லாம் கேட்டது. பாட்டு முடிந்ததும் என்னைத் திரும்பிப் பார்த்து, எப்படி என்று புருவத்தை உயர்த்தினார். நல்லம் என்று தலையாட்டினேன். குசினிக்குள் போய் அரிசி களைவதுபோல் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

காதைப் பற்றிக் கேட்டபோது முதலில் மறுத்தார். பிறகு மெல்ல மெல்லச் சொன்னார். ஜெனரேட்டர் அறையில் காதுக்குப் போடும் மூடி கொடுப்பார்களாம், அந்த வெக்கையில் யாரும் போடுவதில்லையாம். முதலில் இடது காது. பிறகு வலதும். முகத்தைப் பார்த்துக் கதைத்தால் விளங்கும், திரும்பி நின்றால் இல்லை. போன் வந்தால் நீயே கதை என்று என்னிடம் தந்தது, கடைக்கு மகளைக் கூட்டிக்கொண்டு போனது, எல்லாவற்றுக்கும் காரணம் ஒவ்வொன்றாக எனக்கு விளங்கியது. கொஞ்ச நாள் சத்தமில்லாமல் இருந்தால் காது திரும்பி வரும் என்று நம்பியிருந்தார்.

"இந்தக் கொட்ட எதுக்குக் கொண்டு வந்த எண்டு நினைக்கிறா? காதப் பார்க்கத்தான் புள்ள. கேக்காட்டி தாளத்துக்கு அடிக்க ஏலுமா? நான் ஒண்டும் பிழைக்காம அடிக்கிறன்தானே."

பிளக்கைக் கழற்றியதை நான் சொல்லியிருக்க வேண்டுமோ என்னவோ. இரண்டு கோலையும் தன் காதுக்குச் சாட்சியாகப் பிடித்துக்கொண்டு நின்ற மனிதனிடம் அதை எப்படிச் சொல்வது?

அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். உம்மாவுக்கும் மகளுக்கும் தெரியக்கூடாது. பெண் வீட்டில் வந்து இருக்கிற ஆம்பிளை உழைத்துக் கொடுக்கும் வரைக்கும்தான் நிமிர்ந்து நடக்கலாம் என்று அவருக்கு ஒரு கணக்கு. அதைவிட, மகள் தன்னைச் செவிடனாகப் பார்க்கக்கூடாது. சரி என்றேன்.

விளையாட்டை வைத்து மனதைத் தேற்றிக்கொண்டிருந்தவரை ஒருவாறு சம்மதிக்க வைத்து, மட்டக்களப்பில் ஒரு காது டொக்டரிடம் கூட்டிப்போனேன். உம்மாவிடம் விசா அலுவல் என்று சொன்னோம். கண்ணாடி அறைக்குள் இருத்திச் சோதித்தார்கள். டொக்டர் கோப்பைப் பார்த்துக்கொண்டே கதைத்தார், வாயில் மாஸ்க் வேறு. இவர் ஒவ்வொரு வசனத்துக்கும் ஓம் ஓம் என்று தலையாட்டினார். நரம்பு பழுதாகிவிட்டது, இனித் திரும்பாது, இருப்பதும் மெல்ல மெல்லக் குறையும், காதுக்குப் பின்னால் ஒரு மெஷின் போட்டால் கொஞ்சம் உதவும், இரைச்சலான வேலைக்கு இனிப் போகவே கூடாது. இவ்வளவையும் கேட்டுவிட்டு இவர் மரியாதையாக எழுந்து சலாம் கொடுத்தார். படி இறங்கும்போது என்னிடம் கேட்டார், டொக்டர் என்ன சொன்னார் என்று.

பஸ்ஸில் சொல்கிறேன் என்றேன். அது எவ்வளவு மடத்தனம் என்று பஸ்ஸில் ஏறிய பிறகுதான் தெரிந்தது. கல்முனை பஸ், இருக்கைக்கு இருக்கை தெரிந்த முகம். முன்னால் என் பள்ளிக்கூடத்து ரீச்சர் ஒருவர், பின்னால் உம்மாவின் வயலுக்குப் பக்கத்து வயல்காரர். இவருக்குக் கேட்கும்படி சொன்னால் முழு பஸ்ஸுக்கும் கேட்கும். முழு பஸ்ஸுக்கும் கேட்காமல் சொன்னால் இவருக்கும் கேட்காது. கல்லாற்றுப் பாலத்தில் பஸ் ஏறியபோது மறுபடியும் என் முகத்தைப் பார்த்தார். போனில் எழுதிக் காட்டலாம் என்று எடுத்தேன். இரண்டு சொல் எழுதி அழித்தேன். பக்கத்தில் இருக்கிற புருஷனுக்கு மெசேஜில் சொல்கிற செய்தியா அது? வீட்டில் உம்மா, மகள். வளவில் அக்கம்பக்கம். கேட்காத ஒரு மனிதனிடம் ஒரு இரகசியத்தைச் சொல்ல எங்கள் ஊரில் ஒரு இடம்கூட இல்லை என்று அன்றுதான் கண்டுபிடித்தேன்.

கடைசியில் இறங்கி நேரே கடற்கரைக்குக் கூட்டிப்போனேன். அங்கே ஆளில்லை, ஆனால் கடல் இருந்தது. நல்ல காற்று. நான் கத்த வேண்டியதாயிற்று.

"திரும்பி வராதாம்!"

"விசாவா?" என்றார்.

என் காதைத் தொட்டுக் காட்டினேன். தோணிகள் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு, டொக்டருக்கு என்ன தெரியும், நான் கொட்டு அடிக்கிறதை அவர் பார்த்தாரா என்றார். மெஷின் வேண்டாம் என்றார். அதைப் போட்டால் சந்தியில் நிற்பவனுக்கும் தெரிந்துவிடும் என்றார். நான் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. என் வகுப்பில் நாற்பது பிள்ளைகளை ஒரு பார்வையில் அடக்குகிறவள் நான். இந்த ஒரு மனிதனிடம் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. காதைச் சுகமாக்கவும் முடியவில்லை, சுகமாகாது என்று நம்ப வைக்கவும் முடியவில்லை.

அதன்பிறகு விளையாட்டு அதிகமாகியது. ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப அடித்தார். இரவில் காதுக்குக் கருஞ்சீரக எண்ணெய் விட்டுக்கொண்டு படுப்பார், காலையில் எழும்பிக் கொட்டின் முன்னால் உட்காருவார். முழுப் புள்ளி வந்தால் அன்று முழுக்க முகம் தெளிந்திருக்கும். நான் ஒவ்வொரு பாங்குக்கும் ரிமோட்டோடு காவல் நின்றேன். வகுப்பு நாட்களில் என்ன செய்தார் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் பயம்.

பிறகு ஒரு நாள் நாங்கள் எல்லாரும் வீட்டில் இருந்தோம். பின்னேர அஸர் தொழுகைக்கு முந்திய நேரம். மகள் அடித்து முடித்துக் கோல்களை வாப்பாவிடம் கொடுத்தாள். அவர் அதே பாட்டைத் தெரிவு செய்துவிட்டு என்னைப் பார்த்தார். மகளைப் பார்க்கவில்லை, என்னைத்தான்.

"இப்ப பாரு" என்றார். "கண்ண மூடிட்டு அடிக்கிறன்."

அவர் எனக்காகத்தான் அதைச் செய்கிறார் என்று எனக்கு விளங்கியது. டொக்டருக்கும் அந்தக் கண்ணாடி அறைக்கும் என் அழுகைக்கும் சேர்த்து ஒரு பதில். மகள் வேண்டாம் வாப்பா என்று கையைப் பிடித்தாள். அவர் கேலியாகக் கையை விடுவித்துக்கொண்டு, பொத்தானை அமத்திவிட்டுக் கண்ணை இறுக மூடினார்.

தொடக்கம் அச்சாவாகத்தான் இருந்தது. கை அந்தப் பாட்டை மனப்பாடம் செய்திருந்தது. சிவப்பு, சிவப்பு, நீலம். நானே ஒரு கணம் நம்பிவிட்டேன். அந்தப் பாட்டின் நடுவில் ஒரு சின்ன நிறுத்தம் வரும், வட்டங்கள் ஓய்ந்து, பாட்டுக்காரி மட்டும் மூச்சு விடாமல் இழுத்துப் பாடும் இடம். அதை அவர் காணவில்லை. கை நிற்கவில்லை. அதன்பிறகு எல்லாம் வெறும் அடியாகிவிட்டது. வட்டங்கள் ஒரு பக்கம், கோல்கள் ஒரு பக்கம். நாயும் பூனையும் முகத்தைத் தொங்கப்போட்டன. பிழைக்கான சத்தம் அடிக்கு அடி வந்தது. அவர் முகத்தில் ஒரு சந்தோஷம், தலையை மெல்ல ஆட்டி ஆட்டி, தனக்குள் கேட்ட ஒரு பாட்டுக்கு மிகச் சரியாக அடித்துக்கொண்டிருந்தார்.

அப்போது பெரிய பள்ளியில் பாங்கு தொடங்கியது.

நான் ரிமோட்டை அமத்தியிருக்க வேண்டும். அமத்தினாலும் அவர் கண் மூடியிருக்கிறது, மூலையில் வரும் படத்தைக் காண மாட்டார். தோளைத் தொட்டு நிறுத்தலாம். நிறுத்தினால் கண்ணைத் திறப்பார், திறந்தால் முதலில் திரையைத்தான் காண்பார், அதுவும் மகளுக்கு முன்னால். ரிமோட்டைப் பிடித்தபடி நின்றேன். பாங்கும் கொட்டும் ஒன்றாகக் கேட்டன.

பின் அறைக் கதவு திறந்தது. உம்மா வந்தார். ஒரு நாளும் இல்லாத வேகம். என்னைப் பார்க்கவில்லை, கதவு நிலையைப் பார்க்கவில்லை. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக நேரே மருமகனைப் பார்த்துக் கேட்டார்.

"மகன், பாங்கு செல்றது கேக்கலயா உங்களுக்கு?"

அவர் அடித்துக்கொண்டிருந்தார். உம்மாவின் முகம் மாறியது. மருமகன் தன் சொல்லை அவமதிக்கிறார் என்று நினைத்திருப்பார். நான் வாய் திறப்பதற்குள் மகள் சொன்னாள். கோபமில்லாமல், அழுகையில்லாமல், எல்லாருக்கும் தெரிந்த ஒன்றைச் சொல்வதுபோல்.

"வாப்பாக்குக் காது கேக்காது, உம்மம்மா."

எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அந்த அகன்ற வாயும் நீண்ட உதடும் எதற்கென்று அந்த நேரத்தில்தான் எனக்கு உறைத்தது. அவள் எங்கள் எல்லாருக்கும் முந்தித் தெரிந்துவைத்திருந்தாள். அவர் யாருக்குத் தெரியக்கூடாது என்று கெஞ்சினாரோ அந்தப் பிள்ளைதான் அவர் முன்னாலேயே, அந்தக் கூடத்திலேயே, அதைச் சொல்லிவிட்டது. வீட்டில் அது கேட்காத ஒரே ஆள் அவர்தான்.

பாங்கு முடிந்தது. மற்றப் பள்ளிகளும் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. அவர் கடைசி அடியை இரண்டு கோலாலும் ஓங்கி அடித்துவிட்டுக் கண்ணைத் திறந்தார். அதற்குள் மகள் பாய்ந்து போய் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு டீவிக்கு முன்னால் நின்றுவிட்டாள். புள்ளி அவளுக்குப் பின்னால் இருந்தது.

"எப்பிடி?" என்றார்.

மகள் வாயை அகலத் திறந்தாள். உதட்டை நீட்டி, ஒவ்வொரு எழுத்தாக, "முழுசும் சரி வாப்பா" என்றாள். இந்த முறை நான் அதட்டவில்லை.

அவர் வெற்றியோடு என் பக்கம் திரும்பினார். அங்கே உம்மாவும் நிற்பதைக் கண்டார். முக்காடு இல்லாமல், கூடத்துக்குள், தன்னை நேரே பார்த்துக்கொண்டு. அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஏதோ பிழை என்று மட்டும் விளங்கியது. என் கையைப் பார்த்தார், ரிமோட் இருக்கும் கையை. எனக்கு வேறு எதுவும் செய்யத் தெரியவில்லை. அமத்தினேன். மகளின் கைக்கு மேலே திரையின் மூலையில் அந்தக் குறுக்குக் கோடு வந்தது.

ஓ, பாங்கா என்று அவர் முகம் தெளிந்தது. கோல்களை வைத்தார். தலையைக் குனிந்துகொண்டார். அமைதியான வீட்டில், இடம் விட்டு இடம் விட்டு, முடிந்துபோன பாங்குக்குப் பதில் சொல்லத் தொடங்கினார். உம்மா முக்காட்டை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். ஆனால் போகவில்லை.

அவர் உதடு "லா ஹவ்ல"வுக்கு வந்தபோது உம்மாவும் அவரோடு சேர்ந்து அதைச் சத்தமாகச் சொன்னார். அது அவருக்குக் கேட்கவில்லை.